பறங்கியும் விருந்தாளியும்: தாய்லாந்தில் குடியிருக்கும் வெளிநாட்டவர்க்கு ஒரு திறந்த மடல்

தாய்லாந்தில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து, அந்நாட்டு மக்களின் குணத்தையும் அரசியலையும் அன்றாட வாழ்வையும் பற்றி ஓயாது கருத்துரைத்துவரும் வெளிநாட்டுப் பெருமக்களுக்கு,

அயல்நாட்டில் குடியிருப்பவர் அந்நாட்டைப் பற்றிச் சொல்லும் கருத்தில் பாதியை அவருடைய அனுபவம் எழுதுகிறது என்றால், மறுபாதியை அவருடைய கடவுச்சீட்டில் விழுந்திருக்கும் விசா முத்திரை எழுதிவிடுகிறது என்பதே இம்மடல் உங்கள்முன் வைக்கும் வாதம். ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் நூறாண்டுகளுக்கு மேலாக வளர்ந்துவந்திருக்கும் 'வெளிநாட்டுக் குடியிருப்பாளர் பார்வை' என்னும் எழுத்துவகை, தாய்லாந்து மக்களின் புன்னகை, பொறுமை, பெரியவர்க்குக் காட்டும் பணிவு, அரசியலில் அக்கறையின்மை ஆகியவற்றைப் பற்றிச் சலிக்காமல் பேசியிருக்கிறது. பேசுபவர் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி அங்கே குடியிருக்கிறார் என்பதை மட்டும் பெரும்பாலும் பேசாமல் விட்டிருக்கிறது.

வெளிநாட்டவரைச் சுட்ட அந்நாட்டில் வழங்கும் சொற்களிலிருந்தே தொடங்கலாம். வெள்ளைக்காரரைக் குறிக்கும் 'ஃபரங்' என்னும் சொல், பிராங்கு இனத்தவரின் பெயரிலிருந்து பிறந்து, அரபு, பாரசீக வணிகர்வழி ஆசியா நெடுகப் பரவிய சொல். தமிழில் 'பறங்கி' என வழங்குவதும் அதுவே. கடல்கடந்து வந்த காய்க்குத் தமிழர் பறங்கிக்காய் என்று பெயரிட்டிருக்க, தாய்லாந்து மக்களோ கொய்யாவை ஃபரங் என்கின்றனர். பாங்காக் தெருவண்டியில் உப்பும் மிளகாயும் தூவிய கொய்யாத் துண்டு வாங்குபவர் ஒருவகையில் பறங்கியைத்தான் வாங்குகிறார். இந்தியர், அரபியர், மலாய்க்காரர் ஆகியோருக்கு வழங்கும் சொல் 'கேக்'. அதன் நேர்ப்பொருள் விருந்தாளி. பாங்காக்கின் சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்க் குடியேறிகள் எழுப்பிய மாரியம்மன் கோயிலை ஊரார் 'வாட் கேக்', அதாவது விருந்தாளிக் கோயில் என்றே அழைக்கின்றனர். நவராத்திரி முடிவில் அங்கிருந்து புறப்படும் ஊர்வலத்தைத் தெருவோரத்தில் பூவும் பழமும் பரப்பி வரவேற்பவர்களுள் தாய்லாந்துக்காரர்களே மிகுதி. விருந்தாளி என்பது கேட்க இனிய சொல்தான் என்றாலும், கறுத்த தோலைப் பற்றிய இளக்காரமும் அச்சொல்லின் நிழலாகத் தொடர்ந்துவருவதை அங்கு வாழும் இந்தியர் அறிவர். மூன்றாவது சொல் 'தாங் தாவ்', அதாவது வேற்று நிலத்தவர். சட்ட நூல்களில் அது ஜெர்மானியரையும் மியன்மார்க்காரரையும் ஒருசேரக் குறிக்கும் பொதுச்சொல். தெருப்பேச்சிலோ மியன்மார், கம்போடியா, லாவோஸ் ஆகிய அண்டை நாடுகளிலிருந்து கூலிவேலைக்கு வந்தவரை மட்டுமே குறிக்கும். ஓய்வூதியத்தில் வாழும் பிரிட்டிஷ்காரர் தம்மை 'தாங் தாவ்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் கேட்பவர் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே ஆராயத்தக்கது.

வெளிநாட்டவரின் கருத்துக்கு உயரத்திலிருந்து நோக்கும் கோணம் வாய்த்ததற்குச் சட்டவழிப்பட்ட ஒரு வரலாறு உண்டு. 1855இல், அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் அரசர் மோங்குட்டும் பிரிட்டனும் செய்துகொண்ட பௌரிங் உடன்படிக்கை, இறக்குமதிச் சுங்கத்தை நூற்றுக்கு மூன்று என வரையறுத்ததோடு, சயாமில் வாழும் பிரிட்டிஷ் குடிகளைச் சயாமிய நீதிமன்றங்களின் அதிகாரத்திலிருந்து விலக்கித் தூதரக நீதிமன்றத்தின்கீழ் வைத்தது. வேற்று மண்ணில் வாழ்ந்துகொண்டே சொந்த நாட்டுச் சட்டத்துக்கு மட்டும் கட்டுப்பட்டிருக்கும் இவ்வுரிமை, பிற ஐரோப்பிய வல்லரசுகளுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்தடுத்துக் கிடைத்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலிருந்து சென்ற பர்மியரும் மலாய்க்காரரும் தமிழரும்கூட இதன் நிழலில் ஒதுங்க முடிந்தது. 1930களின் பிற்பகுதியில்தான் இது முற்றாக நீங்கியது.

இந்த ஏற்பாடு எவ்வளவு விசித்திரமானது என்பதை டான் பீச் பிராட்லியின் கதை காட்டும். 1835இல் பாங்காக் வந்துசேர்ந்த இந்த அமெரிக்க மருத்துவ மிஷனரி, அம்மைகுத்துதலைப் பரப்பியவர். 1844இல் 'பாங்காக் ரெக்கார்டர்' என்னும் இதழைத் தொடங்கிச் சயாமில் பத்திரிகைத் தொழிலுக்கு வித்திட்டவர். பின்னாளில் அவ்விதழ் மறுபடி வெளிவந்தபோது, அதில் வந்த ஒரு செய்திக்காகப் பிரெஞ்சுத் தூதர் ஒபாரே அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். சயாமிய மண்ணில், சயாமிய அரசவை தொடர்பான ஒரு செய்திக்காக, பிரெஞ்சுக்காரர் ஒருவர் அமெரிக்கர் ஒருவர்மீது அமெரிக்கத் தூதரக நீதிமன்றத்தில் தொடுத்த அந்த வழக்கில் சயாமியச் சட்டத்துக்கு வேலையே இருக்கவில்லை. பிராட்லி தோற்றார், 1867இல் இதழும் நின்றது. அதே காலத்தில், 1862 முதல் 1867 வரை, அரண்மனையில் ஆங்கிலம் கற்பித்த அன்னா லியோனோவன்ஸ், நாட்டைவிட்டு வெளியேறிய பின் 1870இல் எழுதிய நூலில் அரசரையும் அந்தப்புரத்தையும் தாம் விரும்பியவாறு தீட்டினார். அதன் வழிவந்த 1956ஆம் ஆண்டு ஹாலிவுட் திரைப்படம் தாய்லாந்தில் தடைசெய்யப்பட்டது. தடைசெய்ததைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டிய இடத்தைவிட்டு நீங்கிய பிறகு எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது என்பதை மறுக்கவும் முடியாது.

இதற்கு நேரெதிரானவர் கொர்ராடோ ஃபெரோச்சி. 1923இல் அரசுப் பணிக்கு வந்த இந்த இத்தாலியச் சிற்பி, பாங்காக்கின் ஜனநாயக நினைவுச்சின்னத்துப் புடைப்புச் சிற்பங்களை உருவாக்கியவர்; பின்னர் சில்பகோன் பல்கலைக்கழகமாக வளர்ந்த கலைப்பள்ளிக்கு அடித்தளமிட்டவர். உலகப் போரில் இத்தாலி சரணடைந்ததும் ஜப்பானியர் கையில் சிக்கும் அபாயம் நேர்ந்தபோது, தாய்லாந்துக் குடியுரிமையும் சில்ப பீரஸ்ரீ என்னும் பெயரும் ஏற்று அங்கேயே தங்கிவிட்டார். அவர் பிறந்த செப்டம்பர் 15ஐ அந்நாட்டுக் கலைமாணவர்கள் இன்றும் கொண்டாடுகின்றனர். அவர் எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டிருந்ததால் கிடைத்த மதிப்பு அன்று அது. கடிந்துகொண்டபோதும் அடுத்த நாள் அதே வகுப்பறைக்குத் திரும்பி வர வேண்டியவராக இருந்ததால் கிடைத்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, தற்காலிகமாகத் தங்க அனுமதி பெற்ற வெளிநாட்டவர் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை தம் முகவரியைக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தங்கும் வீட்டின் உரிமையாளர் அவருடைய வருகையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். ஓய்வுக்காலத்தைக் கழிக்க விரும்புபவர் ஐம்பது வயது நிரம்பியவராக, வங்கியில் எட்டு லட்சம் பாட் வைப்போ மாதம் 65,000 பாட் வருமானமோ காட்டக்கூடியவராக இருக்க வேண்டும். இருபது ஆண்டு அங்கேயே வாழ்ந்தவரும், வங்கிப் புத்தகத்தில் அன்றைய வரவைப் பதியவைத்து, நகலெடுத்த ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் நீலப் பேனாவால் கையெழுத்திட்டு, எண் அழைக்கப்படும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்துதான் இன்னோர் ஆண்டைப் பெறுகிறார். நிரந்தரக் குடியுரிமத்துக்கு ஒரு நாட்டினருக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்பது உச்சவரம்பு. நிலம் வாங்குவது பொதுவாக இயலாது; அடுக்குமாடிக் கட்டடமானால் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 49 வரை வெளிநாட்டவர் கையில் இருக்கலாம்.

வடகிழக்குப் பகுதியான ஈசானில் மணம்புரிந்து வீட்டு மாப்பிள்ளைகளாக வாழும் ஐரோப்பியர் பலருக்கு இந்தச் சட்டம் எவ்வாறு வந்துசேர்கிறது என்பதைக் கூர்ந்து பார்க்கத் தகும். மனைவி பெயரில் மனை பதிவாகும் நாளில் கணவர் நில அலுவலகத்துக்குச் சென்று, மனை வாங்கிய பணம் முழுவதும் மனைவியின் தனிச்சொத்து, தமக்கு அதில் எவ்வித உரிமையும் இல்லை என்னும் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். பணம் யாருடையது என்பது கையெழுத்திடுபவருக்கும் அதை வாங்கிவைக்கும் எழுத்தருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கும். இருவரும் முகத்தில் எதையும் காட்டிக்கொள்வதில்லை. ஆண்டுகள் சில கழித்து இல்லறம் கசந்து, வீட்டைவிட்டு வெறுங்கையோடு வெளியேறும்போது, 'இந்நாட்டுப் பெண்களே இப்படித்தான்' என்ற கருத்து பிறக்கிறது. அக்கருத்தின் உண்மையான ஆசிரியர் நிலச்சட்டம் என்பதை அவர் எழுதுவதில்லை.

உங்கள் குறைப்பட்டியலில் தவறாமல் இடம்பெறும் இரட்டைக் கட்டணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். காவோ யாய் தேசியப் பூங்காவில் உள்நாட்டவர்க்கு 40 பாட், வெளிநாட்டவர்க்கு 400 பாட் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் வேறுபாடு. இத்தகைய பலகைகளில் உள்நாட்டுக் கட்டணம் அந்நாட்டு எழுத்தெண்ணால் எழுதப்படுவதால், படிக்கத் தெரியாதவருக்கு வேறுபாடு இருப்பதே தெரியாது. எரிச்சல் நியாயமானதுதான். ஆயினும் 360 பாட் வேறுபாட்டுக்கு எழுதப்பட்ட பக்கங்களை, அதே நாட்டில் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியின் நாட்கூலி அந்தத் தொகையை எட்டுவதற்கே தடுமாறுகிறது என்பது பற்றி எழுதப்பட்ட பக்கங்களோடு ஒப்பிட்டால், எடைக்கல்லே கோணலாக இருப்பது புலப்படும்.

அடுத்து, குணம் பற்றிய கருத்துகள். 'கிரெங்ஜாய்' என்னும் சொல் ஏறத்தாழ உங்கள் எல்லா நூல்களிலும் மொழிபெயர்க்க இயலாத மர்மமாக விளக்கப்படுகிறது. 'கிரெங்' என்றால் அஞ்சுதல், 'ஜாய்' என்றால் உள்ளம். பிறர் மனம் நோகுமே, பிறருக்குத் தொல்லையாகுமே என்று தயங்குவதே அதன் பொருள். தாட்சண்யம் என்னும் சொல் புழங்கும் தமிழ்ச் சமூகத்துக்கு இதில் மர்மம் எதுவும் இல்லை. 'மாய் பென் ராய்' என்பதும் நம் 'பரவாயில்லை'தான், அதே அளவு உண்மையோடும் அதே அளவு பொய்யோடும் சொல்லப்படுவது. கவனிக்க வேண்டியது அச்சொல் பாயும் திசை. வயதில் மூத்தவரைப் 'பீ' என்றும் இளையவரை 'நோங்' என்றும் அழைக்கும் வழக்கில், அண்ணன் தம்பி முறைபோலப் பேசும்போதே படிநிலை வகுக்கப்பட்டுவிடுகிறது; அப்படிநிலையில் தாட்சண்யம் பெரும்பாலும் கீழிருந்து மேலே பாய்கிறது. முதலாளி வேலைக்காரியிடம் காட்டும் கிரெங்ஜாயை விட வேலைக்காரி முதலாளியிடம் காட்டுவது பன்மடங்கு. விசா தரும் உயரத்தில் நிற்பவருக்கு எல்லாரும் தாட்சண்யம் காட்டுவதால், அது இனத்தின் இயல்பு என அவருக்குத் தோன்றுவது இயற்கை. சந்து முனையில், அந்நாட்டார் 'சோய்' என்னும் கிளைத்தெருவின் வாயிலில், ஆரஞ்சு மேலங்கியோடு சவாரிக்குக் காத்திருக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கும் அளவுக்கு மொழி தெரிந்தவருக்கு அந்தத் தோற்றம் நெடுநேரம் நிலைக்காது.

பண்பாட்டின் தொன்மை என்று நீங்கள் வணங்கும் சிலவற்றின் வயதையும் கேட்டுப்பார்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பாங்காக்கின் லும்பினி பூங்காவில் ஒலிபெருக்கி தேசியகீதத்தைத் தொடங்கியதும், ஓடிக்கொண்டிருப்பவர்கள் வியர்வை சொட்ட அப்படியே நிற்கின்றனர். குழந்தையின் தள்ளுவண்டியும் நிற்கிறது, கயிறாடுபவரின் கயிறு தரையில் கிடக்கிறது. பாட்டு முடிந்த கணத்தில், விட்ட இடத்திலிருந்து எல்லாம் மீண்டும் ஓடத் தொடங்குகின்றன. இதைக் கண்ட அயலார் பலரும் தொன்றுதொட்டு வரும் பணிவு என்று எழுதிவிடுகின்றனர். இன்றுள்ள கீதத்தின் சொற்கள் 1939இல்தான் வந்தன. சயாம் என்னும் பெயர் தாய்லாந்து என்று மாறியதும் அதே ஆண்டில். மாற்றியவர் படைத்தலைவராயிருந்து பிரதமரான பிபுல்சோங்க்ராம். 1939க்கும் 1942க்கும் இடையில் 'ரத்தநியோம்' என்னும் பண்பாட்டு ஆணைகள் பன்னிரண்டை வெளியிட்டு, கொடிக்கும் கீதத்துக்கும் மரியாதை செலுத்துவதைக் கடமையாக்கிய அவருடைய அரசு, வெற்றிலை போடுவதைத் தடுத்தது, வெளியே செல்கையில் தொப்பி அணியச் சொன்னது. தொப்பி போயிற்று, கீதம் நிலைத்தது. 2020 ஆகஸ்டில் பள்ளி மாணவர்கள் அதே கீதத்தின்போது வரிசையில் நின்றபடியே மூன்று விரல்களை உயர்த்தி எதிர்ப்புக் காட்டினார்கள். நின்றார்கள் என்பதும் உண்மை, விரலை உயர்த்தினார்கள் என்பதும் உண்மை. தொலைவிலிருந்து பார்த்தால் நிற்பது மட்டுமே தெரியும்.

அரசியலில் அம்மக்களுக்கு அக்கறை இல்லை என்ற கருத்தை இம்மடல் முற்றாக மறுக்கிறது. 1932 ஜூன் 24 அன்று மக்கள் கட்சி என்னும் குழு முடியாட்சியின் வரம்பற்ற அதிகாரத்தை முடிவுக்குக் கொண்டுவந்ததிலிருந்து இன்றுவரை இருபது அரசியலமைப்புகள் எழுதப்பட்டுள்ளன. பத்துக்கு மேற்பட்ட முறை இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்துள்ளது. 1973 அக்டோபரில் மாணவர் எழுச்சி சர்வாதிகாரிகளை நாட்டைவிட்டே ஓடவைத்தது; மூன்றாண்டு கழித்து, 1976 அக்டோபர் 6 அன்று, தம்மசாட் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் கொன்று குவிக்கப்பட்டனர். 1992 மே மாதத்திலும் 2010லும் பாங்காக் தெருக்களில் மீண்டும் துப்பாக்கி வெடித்தது. 2010இல் மட்டும் மாண்டவர் தொண்ணூறு பேருக்கு மேல். இத்தனை முறை தெருவில் இறங்கிச் செத்த மக்களை அக்கறையற்றவர் என்று சொல்ல, பார்ப்பவர் எவ்வளவு உயரமான மாடியில் குடியிருக்க வேண்டும்.

ஈசான் விவசாயிகள் காசுக்கு வாக்கை விற்பவர்கள் என்பது பாங்காக் நடுத்தர வர்க்கத்தின் நெடுநாள் பேச்சு. அலுவலகத்திலும் உணவகத்திலும் அவ்வர்க்கத்தோடு பழகும் வெளிநாட்டவர் அதைச் சொந்தக் கண்டுபிடிப்பாகவே எழுதிவந்தனர். 2001இல் ஆட்சிக்கு வந்த தக்சின் சினவத்ரா, மருத்துவமனைக்கு ஒருமுறை சென்றால் முப்பது பாட் மட்டும் செலுத்தினால் போதும் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதுவரை அறுவைச் சிகிச்சைக்கு எருமையையும் வயலையும் விற்றுவந்த குடும்பம், அதற்குப் பிறகு யாருக்கு வாக்களிக்கும் என்பதை விளக்க இனக்குணம் எதுவும் தேவையில்லை. தக்சினிடம் குறைகள் ஏராளம். 2003இல் அவர் நடத்திய போதைப்பொருள் ஒழிப்பு வேட்டையில் விசாரணையின்றி உயிரிழந்தவர் ஆயிரக்கணக்கினர். ஆனால் வாக்காளரின் கணக்கு வேறு. இந்த ஒன்றில், பாங்காக்கில் ஆலோசகராக இருப்பவரைவிட உதோன் தானியில் மாமியார் வீட்டில் வாழும் மாப்பிள்ளைக்கு நிலைமை தெளிவாகத் தெரிந்திருந்தது. அவர் எழுதுவது அரிது என்பதுதான் குறை.

வாக்குச் சீட்டு வென்றபின் என்ன நேர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். 2008இல் பிரதமர் சமக் சுந்தரவேஜ், தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிக்கு ஊதியம் பெற்றார் என்பதற்காக அரசியலமைப்பு நீதிமன்றத்தால் பதவியிழந்தார். 2023 மே 14 தேர்தலில் 151 இடங்களுடன் முதலிடம் பெற்ற மூவ் ஃபார்வர்டு கட்சியின் தலைவர் பீட்டா லிம்சரோன்ராட், இராணுவ ஆட்சியாளர்கள் நியமித்த செனட்டர்களுள் பெரும்பாலோர் குறுக்கே நின்றதால் பிரதமர் தேர்வுக்கான வாக்கெடுப்பில் 324 வாக்கோடு நின்றுவிட்டார், தேவைப்பட்டது 375. மறு ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று அக்கட்சியே கலைக்கப்பட்டது. அதற்கடுத்த வாரம் பிரதமர் ஸ்ரெத்தா தவிசின் நீக்கப்பட்டார். அவருக்குப்பின் வந்த தக்சினின் மகள் பேதோங்தான், கம்போடியத் தலைவர் ஹுன் சென்னுடன் பேசிய தொலைபேசி உரையாடல் கசிந்ததையடுத்து 2025 ஆகஸ்ட் 29 அன்று நீக்கப்பட்டார். டாங்கி வராவிட்டாலும் ஆட்சி மாறும் என்பதைக் காட்டும் இந்த வரிசையைக் கண்டும் மக்கள் வாக்குச்சாவடிக்குத் திரும்பத் திரும்ப வருகின்றனர்.

மூவ் ஃபார்வர்டு கலைக்கப்பட்டதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது, குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவைத் திருத்த அது முனைந்தது என்பது. அரசர், அரசி, பட்டத்து இளவரசர், ஆட்சிப்பொறுப்பாளர் ஆகியோரை அவமதித்தால் ஒவ்வொரு குற்றத்துக்கும் மூன்று முதல் பதினைந்து ஆண்டுவரை சிறை என்பது அப்பிரிவு. மறைந்த அரசர் பூமிபோல் 2005ஆம் ஆண்டுப் பிறந்தநாள் உரையில், அரசரும் தவறு செய்யக்கூடியவரே, விமர்சிக்கப்படலாம் என்றே பேசியிருந்தார், வழக்குகள் குறையவில்லை. முடியாட்சிச் சீர்திருத்தத்தைப் பொதுமேடையில் 2020இல் பேசிய வழக்கறிஞர் ஆனோன் நாம்பாவின் தண்டனைகள் கூட்டுத்தொகையில் இருபது ஆண்டைக் கடந்துவிட்டன. நேத்திபோன் என்னும் இளம் செயற்பாட்டாளர் உண்ணாநோன்பைத் தொடர்ந்து 2024 மே மாதம் காவலிலேயே உயிரிழந்தார். வெளிநாட்டவரும் தப்புவதில்லை: பிட்சனுலோக் நகரிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றிய அமெரிக்க அரசியல் ஆய்வாளர் பால் சேம்பர்ஸ் 2025 ஏப்ரலில் இப்பிரிவின்கீழ்க் கைதாகி, அரசு வழக்கறிஞர்கள் வழக்கைத் தொடராமல் விட்டபின் நாட்டைவிட்டு வெளியேறினார். விருந்தாளி வாய்திறக்கலாகாது என்று உங்களுள் ஒரு சாரார் சொல்வதை இம்மடல் ஏற்கவில்லை; வரி கட்டுபவருக்கும் பிள்ளை வளர்ப்பவருக்கும் கருத்து இருக்கத்தான் செய்யும். ஆனால் சேம்பர்ஸால் வெளியேற முடிந்தது, ஆனோனால் முடியாது. 'இவ்வளவு நடந்தும் இம்மக்கள் வாய்மூடி இருக்கிறார்களே' என்று பாதுகாப்பான ஊருக்குத் திரும்பிப்போய் எழுதுபவர் இந்த வேறுபாட்டை ஒரு வரியிலாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி 'தாங் தாவ்' என்னும் அந்தச் சொல்லுக்குத் திரும்பலாம். தாய்லாந்தில் குடியிருக்கும் வெளிநாட்டவருள் மிகப் பெரும்பான்மையினர் உங்கள் வகையினர் அல்லர். மியன்மாரிலிருந்து வந்து பதிவு பெற்றுள்ள தொழிலாளர்கள் மட்டுமே இருபது லட்சத்துக்கு மேல். பதிவில்லாதவரைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் விரியும். அவர்கள் கையில் இளஞ்சிவப்பு அட்டை. வேலை அனுமதி ஒரு முதலாளியோடு பிணைக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி, தொழிற்சங்கம் தொடங்குபவரும் அதன் நிர்வாகக் குழுவினரும் தாய்லாந்துக் குடிமக்களாக இருக்க வேண்டும். ஆகவே வேலைக்காரர் அத்தனை பேரும் மியன்மார்க்காரராக இருக்கும் இறால் ஆலையில் சங்கம் என்பது பேச்சளவில்தான். 2020 டிசம்பரில் சமுத் சகோன் மாகாணத்தின் மகாசாய் இறால் சந்தையில் கொரோனா பரவியபோது, அங்கிருந்த தொழிலாளர் குடியிருப்பைச் சுற்றி முள்கம்பி இழுக்கப்பட்டது. அதே மாதங்களில் தனிமைப்படுத்தும் விடுதியின் உணவு பற்றி உங்களுள் பலர் எழுதிய முறையீடுகள் பொய்யில்லை. முள்கம்பிக்குள் இருந்தவர் எழுதியது எந்த மொழியில் கிடைக்கிறது என்று தேடினால்தான் அளவு தெரியும். 2014 மே மாத ஆட்சிக்கவிழ்ப்பை அடுத்த சில வாரங்களில், பிடிபடுவோம் என்ற வதந்தி கேட்டு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்போடியர் லாரிகளில் எல்லை நோக்கி ஓடினர். 2025 ஜூலை எல்லைச் சண்டையின்போது அந்தக் காட்சி மீண்டும் நிகழ்ந்தது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் பாங்காக்கின் சதுசாக் பகுதியில் கட்டுமானத்திலிருந்த அரசு தணிக்கை அலுவலகக் கட்டடம் சரிந்தபோது அடியில் சிக்கியவர்கள் பெரும்பாலும் கட்டடத் தொழிலாளர். மியன்மார்க்காரரும் அவர்களுள் இருந்தனர். உங்கள் அடுக்குமாடியின் நாற்பத்தொன்பது விழுக்காட்டையும் மீதி ஐம்பத்தொன்றையும் கட்டிய கைகள் பெரும்பாலும் அத்தகையவையே.

அங்கேயே பிறந்தும் எந்த நாட்டினராகவும் பதிவாகாதோர் இன்னொரு வகையினர். 2018இல் தாம் லுவாங் குகையில் சிக்கி உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க மீட்கப்பட்ட கால்பந்துக் குழுவில், சிறுவர் மூவருக்கும் பயிற்சியாளருக்கும் எந்நாட்டுக் குடியுரிமையும் இருக்கவில்லை. அடுத்த மாதமே அது வழங்கப்பட்டது. குகையில் சிக்காத ஏனையோருக்காக, ஏறத்தாழ 4,80,000 பேரின் நிலையை விரைந்து தீர்க்க 2024 அக்டோபரில் அமைச்சரவை முடிவெடுத்தது. அந்நாட்டு அரசு அசையாதது என்ற கருத்தைத் திருத்திக்கொள்ள இந்த முடிவும், 2025 ஜனவரி 23 முதல் நடப்பிலிருக்கும் ஒருபாலின மணச் சட்டமும் உதவக்கூடும்.

பெயர் பதிவாவதும் பதிவாகாமல் போவதும் பழைய கதை. 1942, 1943இல் ஜப்பானியப் படை 415 கிலோமீட்டர் நீளத்துக்குத் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு இட்ட இரயில்பாதையில், நேசநாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் ஆகிய ஆசியக் கூலிகள் மாண்டது அதைப்போல் பன்மடங்கு. காஞ்சனபுரி நகரின் போர்க் கல்லறையில், வெட்டிய புல்லின் நடுவே ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகளுக்கான குறிக்கல்கள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். ஏப்ரல் 25 விடியலில் அதே மாகாணத்தின் மலைக்கணவாய் ஒன்றில் நடைபெறும் நினைவுக்கூட்டத்துக்கு ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் பிறருமாக உங்களுள் பலர் போவதுண்டு, போக வேண்டியதுதான். கைதிகளுக்கு எண்ணும் பெயரும் குறித்துவைத்த பட்டியல் இருந்ததால் கல் கிடைத்தது. கூலிகளுக்குக் கங்காணியின் கணக்கு மட்டுமே இருந்தது. காலராவில் செத்தவர்கள் பாதையோரக் குழிகளில் மொத்தமாகத் தள்ளப்பட்டனர். தாய்லாந்தைப் பற்றி அந்தத் தமிழர்கள் என்ன நினைத்தார்கள் என்பது வெளிநாட்டுக் குடியிருப்பாளர் பார்வை எதிலும் இல்லை.

உங்களை எழுதாதிருக்கச் சொல்லும் உரிமை இம்மடலுக்கு இல்லை, அத்தகைய விருப்பமும் இல்லை. ஒரு கோரிக்கை மட்டும் உண்டு. தாய்லாந்து மக்கள் இப்படிப்பட்டவர்கள் என்று தொடங்கும் அடுத்த கட்டுரையின் முதல் பத்தியில், எழுதுபவரின் விசா எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் குறிப்பிடுங்கள். வீட்டுமனை யார் பெயரில் இருக்கிறது என்பதை இரண்டாம் பத்தியில் சொன்னாலும் போதும்.